எரிகல் வீரனுக்கு எத்தனை மார்க்?

"பத்துக்கு எத்தன போடலாம் மச்சான்?"

கேட்டுவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன். மாலை அசர் தொழுகை முடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. மாடி அறை ஜன்னல் வழியாக டீசல் வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து வந்தன. என் கணவர் காசிம், வலது கையைத் தலையணை மேல் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கை அப்போது அவர் சொன்னபடி கேட்காது.

பதில் வரும் என்று எதிர்பார்த்துக் கேட்கவில்லை. வகுப்பில் கேட்கிற பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

அவர் உதடு அசைந்தது. "ஒண்ணு" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டரை மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. சந்தோஷப்படுவதற்குள் "ரெண்டு" என்றார். "மூணு… நாலு…" என்று ஒவ்வொன்றாக, தெளிவாக, பத்து வரை சொல்லி முடித்துவிட்டு, தான் பேசிவிட்டதை நம்பமுடியாதவர் போல என்னைப் பார்த்தார்.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நஸ்ரினுக்கு உடனே போன் போட்டேன். "வாப்பா பேசிட்டாகம்மா! பத்துக்குப் பத்து போட்டுட்டாக!"

"எதுக்கும்மா பத்து?"

"எரிகல் வீரனுக்கு!"

தெரியாத கணவர்

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தொண்டியில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். என் கணவர் இருபத்தைந்து வருடம் சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். நிரந்தரமாக ஊருக்கு வந்து பதினோரு மாதத்தில், ஒரு மழை நாளில், டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்து கிளாஸ் நழுவியது. பக்கவாதம். கால் ஒரு மாதத்தில் ஓரளவு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வராது. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவார். வேறு என்னமோ வேண்டுமென்றால், நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவரே வேண்டாம் என்று கையை உதறிவிட்டுச் சுவரைப் பார்ப்பார்.

சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து ராமநாதபுரத்தில் ஒரு கிளினிக்குக் கூட்டிப் போவேன். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பெயர் சுகந்தி. மண்டபம் அகதிகள் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் இலங்கையில் மன்னார்ப் பக்கம். இந்த ஊர்ப் பேச்சு பேசுவாள், வேலையில் மனம் ஒன்றிவிட்டால் வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

"வாயில பிரச்சினை இல்ல அக்கா. சொல்லை எங்க வச்சதெண்டு அவருக்குத் தெரியேல்ல, அவ்வளவுதான். அவருக்கு எது விருப்பம்? எதைப் பத்திக் கதைக்கத் தொடங்கினா நிப்பாட்ட மாட்டார்?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். ஆனால் லீவில் வந்த நாட்களை எல்லாம் கூட்டினால், நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது மூன்று வருடம் தேறினால் அதிகம். லீவு என்றால் விருந்து, கல்யாணம், வீட்டு ரிப்பேர், நஸ்ரினுக்கு ஸ்கூல் சட்டை. போனில் பேசினால் "சாப்பிட்டியா", "ஆஸ்பத்திரி போனியா". இவருக்கு எதைப் பற்றிப் பேசப் பிடிக்கும்?

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "கேட்டுச் சொல்றேன்மா" என்றேன். அவர் குனிந்துகொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நஸ்ரினிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா? பரண்ல ஒரு தகரப் பெட்டி இருக்குல. ஒவ்வொரு லீவுலயும் அதத் தொறந்து பாத்துட்டு மூடிருவாக. எனக்குக் கூட ரெண்டு படிச்சுக் காட்டிருக்காக. காமிக்ஸ்மா. எரிகல் வீரன்."

எனக்கு அது பழைய இரும்புச் சாமான் பெட்டி. எத்தனையோ தடவை அதை நகர்த்திவிட்டு ஒட்டடை அடித்திருக்கிறேன்.

பெட்டியில் அறுபத்து மூன்று

இறக்கித் திறந்தால் வேப்பிலைச் சருகும் பாச்சை உருண்டையும் குப்பென்று அடித்தன. உள்ளே அறுபத்து மூன்று புத்தகங்கள். உள்ளங்கை அகலம், மட்டமான சாணித்தாள், ஒரே கறுப்பு மை. கடல் காற்றில் பின்னெல்லாம் துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் செம்பட்டையாய்க் கறை இறங்கியிருந்தது. ஒவ்வொரு அட்டையின் உள்பக்கத்திலும் "அ. காசிம், எட்டாம் வகுப்பு", "அ. காசிம், ஒன்பதாம் வகுப்பு" என்று நுணுக்கி எழுதிய கையெழுத்து. கடைசிப் பதினைந்து புத்தகங்களில் வகுப்பு இல்லை. பெயர் மட்டும். படிப்பை நிறுத்தியபின் வாங்கியவை.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மாதிரிப் புத்தகங்களை வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளிடமிருந்து பிடுங்கியவள் நான். ஒரு தடவை கோபத்தில் ஒன்றைக் கிழித்தும் போட்டேன். "அறிவியல் படிக்கிற நேரத்துல அறிவுகெட்ட கதை படிக்கிறியா?" என்று கேட்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது. நல்ல வசனம் பேசிவிட்டதாக அன்று ஒரு பெருமை வேறு.

எரிகல் வீரன் யாரென்றால், ஏதோ ஒரு நாட்டில் சுரங்கத் தொழிலாளி. வானத்திலிருந்து விழுந்த எரிகல் அவன் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நின்றுவிடுகிறது. அன்றிலிருந்து, விழுகிற எதையும் பார்வையாலேயே அந்தரத்தில் நிறுத்திவிடுவான். பாலம், விமானம், மாடியிலிருந்து விழும் குழந்தை, எதுவானாலும். ஆனால் கண்ணைச் சிமிட்டினால் போச்சு.

முதல் பக்கத்திலேயே எனக்குக் கோபம் வந்தது. "நிக்கும், சரி. அம்புட்டு வேகத்துல வந்த கல்லோட விசை எங்க போகும் மச்சான்? ஒரு கணக்கு வேணாமா?"

அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் போயிற்று. ஆனால் சத்தமாகவே சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் முழுவதையும் படித்தேன். படித்து முடித்ததும் கேட்டதுதான் அந்தக் கேள்வி.

எல்லாவற்றுக்கும் பத்து

தினமும் ஒன்று என்று ஆனது. நான் படிப்பேன், அவர் படத்தைப் பார்ப்பார். முடிந்ததும் மார்க். நஸ்ரின் ஒரு நோட்டுப் போடச் சொன்னாள். ஒரு பக்கம் அவர் மார்க், ஒரு பக்கம் என் மார்க்.

என் மார்க்கெல்லாம் நாலு, அஞ்சு. அவர் மார்க் பத்து, பத்து, பத்து. ஆறு புத்தகத்துக்கும் பத்து. மனிதருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நோட்டைப் பெருமையாகக் காட்டினேன். சுகந்தி பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, இவர் தொழேக்க ஓதுறவரா?"

"மனசுக்குள்ள ஓதுவாக."

"மஃரிப்புக்குச் சத்தமாத்தானே ஓதுவினம்? இண்டைக்குக் கதவுக்கு வெளியில நிண்டு கேட்டுப் பாருங்கோ."

அன்று அந்தியில் நின்று கேட்டேன். நாற்காலியில் தனியாக உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தவர், அல்ஹம்து சூராவை ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதினார். தண்ணீர் என்று சொல்ல முடியாத அதே வாய்.

அடுத்த வாரம் சுகந்தி விளக்கினாள். மனப்பாடமாகத் தங்கியதெல்லாம் வேறு பாதையில் வருமாம். பாட்டு, ஓதல், எண்ணிக்கை எல்லாம். ஒன்றைத் தொட்டால் கோர்த்த மணி போல் மற்றதும் வந்துவிடும். "அவர் பத்து மார்க் போடேல்ல அக்கா. நிப்பாட்டத் தெரியாமப் பத்து வரைக்கும் போறார். நினைச்ச இடத்தில நிப்பாட்டினார் எண்டா, அதுதான் கதைக்கிறது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகையாக வந்தது. ஆர்.எஸ்.மங்கலம் தாண்டியதும் அவர் என் கையைத் தட்டி, என் மடியிலிருந்த நோட்டைக் காட்டினார். இன்றைக்கும் படிக்கணும் என்று அர்த்தம்.

முதல் தோல்வி மார்க்

பதினைந்தாவது புத்தகம் "எட்டாவது சாவி". உண்மையிலேயே மட்டம். வில்லன் யாரென்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். வீரன் ஒரு சாவியை நிறுத்துவதற்கே பாதிப் புத்தகம் போய்விடும்.

"பத்துக்கு எத்தன?"

"ஒண்ணு… ரெண்டு…" அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். "மூ… மூணு."

நாலு அவர் தொண்டைக்கு வந்ததைப் பார்த்தேன். உதட்டைக் கடித்து, அதை உள்ளே போகவிட்டார்.

"மூணா மச்சான்? மூணுதானா?"

தலையை ஆட்டினார். "மூணு."

இத்தனை வருட டீச்சர் வேலையில், ஒருவருக்குக் குறைந்த மார்க் கிடைத்ததற்காக நான் ஆனந்தப்பட்டு அழுதது அன்றுதான்.

அதற்கப்புறம் வண்டி ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் நின்றால் மறுநாள் பத்துவரை ஓடிவிடும், அதற்கு மறுநாள் நிற்கும். சத்தங்களை அவரிடமே விட்டுவிட்டேன். வீரன் கோபுரத்தில் மோதப்போகிறான் என்றால் நான் படிப்பதை நிறுத்திவிடுவேன். அவர் "டமால்" என்பார். கார் பிரேக் போட்டால் "க்ரீச்". ஒரு நாள் இருவருமாகச் சேர்ந்து ஒரு பெரிய சண்டைக் காட்சியை முடித்தபோது, கீழே வாசலில் மீன் விற்கிற அக்கா குரல் கொடுத்தார்.

"டீச்சர்! என்ன, பட்டப்பகல்ல வீட்டுல இம்புட்டுச் சண்ட?"

"எங்க சண்ட இல்லக்கா. எரிகல் வீரன் சண்ட."

"அவன் யாருத்தா, வாடகைக்கு வந்துருக்கானா?"

காசிம் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்.

வெற்றுக் குமிழிகள்

இருபத்தெட்டாவது புத்தகத்தைத் தலைப்பைப் பார்த்துவிட்டு அடியில் ஒளித்து வைத்தேன். "ஒலியைத் திருடியவன்". ஒரு நகரத்து மக்கள் எல்லோருடைய குரலையும் வில்லன் திருடிவிடுகிற கதை. இதை எப்படி இவருக்குப் படித்துக் காட்டுவது?

அவருக்கு வரிசை மனப்பாடம். இருபத்தேழு முடிந்து இருபத்தொன்பதை எடுத்ததும் கையை நீட்டித் தடுத்தார். விரலால் பெட்டியின் அடியைக் காட்டினார். எடுக்கவேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் அந்தப் பெயர் தெரியாத ஓவியருக்கு ஒரு சலாம் வைத்துக்கொள்கிறேன். குரல் போன பிறகு ஐந்து பக்கத்துக்கு ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. ஆனால் பேச்சுக் குமிழிகள் இருக்கின்றன. சந்தையில், பேருந்தில், வீட்டில், ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வால் முளைத்த குமிழி கிளம்புகிறது. உள்ளே வெறும் வெள்ளை. ஒரு தாய் குழந்தையைக் கூப்பிடுகிறாள், பெரிய குமிழி. குழந்தை திரும்பவில்லை. கடைக்காரர் ஒருவர் தன் குமிழியைக் கையால் பிடிக்கப் பார்க்கிறார். ஒற்றை மையும் சாணித்தாளும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இதை வரைந்திருக்கிறார். எந்த டாக்டரும் எனக்கு விளக்கிச் சொல்லாததை அந்த ஐந்து பக்கத்தில் பார்த்தேன்.

காசிம் இடது கை விரலை வைத்து ஒரு வெற்றுக் குமிழியைச் சுற்றிவர வரைந்தார். பிறகு தன் வாயைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்படித்தான் இருக்கா மச்சான்? பேசுறதுக்கு எல்லாம் வருது, உள்ள எழுத்து மட்டும் இல்லையா?"

"ஆமா" என்றார். ஆமா என்ற அந்தச் சொல்லும் புதிது.

அதற்கு அவர் போட்டது ஒன்பது. ஏன் ஒரு மார்க் குறைத்தார் என்று கேட்டேன். கடைசிப் பக்கத்தைக் காட்டினார். வீரன் ஓர் இயந்திரத்தை உடைத்ததும் எல்லோருக்கும் குரல் ஒரே நொடியில் திரும்பிவிடுகிறது. காசிம் தலையை ஆட்டினார். அவ்வளவு சுலபமில்லை என்று அவரைத் தவிர வேறு யார் சொல்லமுடியும்? நானும் ஒன்பதே போட்டேன். என் பக்கத்தில் விழுந்த முதல் ஒன்பது அது. அன்றிலிருந்து விசையையும் வேகத்தையும் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டேன்.

ரெண்டே ரெண்டு

அடுத்த கோடை விடுமுறை வருவதற்குள் அவருக்கு இரண்டு மூன்று சொற்களைக் கோத்துச் சொல்ல வந்துவிட்டது. "தண்ணி… குடு." "பங்கா… நிப்பாட்டு." (ஃபேனுக்கு அவர் சொல்வது பங்கா.) ஐம்பத்தேழாவது புத்தகத்துக்கு வந்திருந்தோம். "வீடு திரும்பிய வீரன்".

எனக்கு அது உயிரைத் தொட்ட கதை. வீரன் ஏழு வருடம் வேறொரு கிரகத்தில் சிறைப்பட்டுக் கிடந்து, முகமெல்லாம் தழும்போடு, தாடியோடு ஊர் திரும்புகிறான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கூட்டத்தின் நடுவில் அவன் மனைவி மட்டும் ஒரே பார்வையில் தெரிந்துகொண்டு ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். ஒரு முழுப்பக்கப் படம்.

"நான் ஒம்பது. நீங்க?"

எண்ணவே இல்லை. நேராகச் சொன்னார். "ரெண்டு."

"ரெண்டா? எட்டாவது சாவிக்கே மூணு போட்டீங்க!"

"ரெண்டு."

"ஏன் ரெண்டு? இம்புட்டு நல்ல கதைக்கு?"

அவர் அந்த முழுப்பக்கப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "பொய்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எதைச் சொல்கிறார் என்று உடனே தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

நஸ்ரின் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. கம்பெனியில் ஏதோ தகராறு, லீவு தள்ளித் தள்ளிப்போய், நாலரை வருடம் கழித்து வந்தார். அவரைக் கூட்டிவர திருச்சி விமான நிலையத்துக்கு நஸ்ரினோடு போயிருந்தேன். வெளியே வருகிறவர்களை எல்லாம் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனதில் இருந்தது சுருட்டை முடியும் தடித்த மீசையுமாக விடைபெற்றுப் போன ஆள். வழுக்கை விழுந்து, வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிய ஒருவர் தள்ளுவண்டியோடு என்னைக் கடந்து போனார். நான் அவரைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் வருகிறவர்களைத் தேடினேன்.

நாலு எட்டுப் போனவர் திரும்பி வந்து, "ஜமீலா" என்றார்.

"கண்ணுல தூசி விழுந்துருச்சு மச்சான், அதான் கவனிக்கல" என்று அன்று சமாளித்தேன். சொந்தப் பெண்டாட்டிக்கே தன்னைத் தெரியாமல் போயிற்று என்பதை விழுங்கிக்கொண்டு, இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தார் என்றே நினைத்திருந்தேன். அவர் லீவுக்கு வரும்போதெல்லாம், வாசலில் முதல் பார்வை பார்க்கிற அந்த நொடியில் எனக்கு உள்ளுக்குள் உதறும்.

புத்தகத்தைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்குத் தூசியெல்லாம் விழல மச்சான். எனக்கு உங்களத் தெரியல. பாத்தேன், தெரியல. என்ன மன்னிச்சுக்கங்க."

அவர் என்னையே பார்த்தார். முகம் மாறியது. எதையோ சொல்ல எடுத்தார், வரவில்லை. மறுபடி எடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "விடுங்க மச்சான், வேணாம்" என்றேன். கையை உயர்த்தி என்னை அடக்கினார்.

"நானும்."

"நீங்களும் என்ன?"

"நானும்… தெரியல." மூச்சு வாங்கினார். "உன்ன… தாண்டி… போனேன்."

கண்ணாடி போட்டு, பிள்ளை பெற்று உடம்பு வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டு நின்ற என்னை அவருக்கும்தான் தெரிந்திருக்கவில்லை. அவர் என்னிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்ததும் அதுவேதான்.

"அப்பறம் எப்படித் திரும்பி வந்தீங்க?"

"பாப்பா…" இடது கையால் தன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "மஞ்ச… சட்ட."

அவர் பார்சலில் அனுப்பிய மஞ்சள் கவுனைத்தான் நஸ்ரினுக்கு அன்று போட்டுவிட்டிருந்தேன். தான் வாங்கிய கவுன் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கவுனைப் போட்ட பிள்ளையின் கையைப் பிடித்திருப்பவள் நான்தான் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

முதலில் யார் சிரித்தோம் என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணில் தண்ணீர் இறங்கியது. நான் துடைத்துவிட்டேன். என்னுடையதை அவர் இடது கையால் துடைக்கப் பார்த்து, கண்ணாடியைத் தட்டிவிட்டார்.

பிறகு நோட்டை எடுத்தேன். என் பக்கத்திலிருந்த ஒன்பதை அடித்துவிட்டு, இரண்டு என்று எழுதினேன்.

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து அந்த முழுப்பக்கப் படத்தை மறுபடியும் பிரித்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு போடு" என்றார். "படம் நல்லாருக்கு."